முகத்தை மூடுற ஹெல்மெற்: ஒரு யாழ்ப்பாணக் கதை

யாழ்ப்பாணத்தில் மோட்டார் சைக்கிள் வைத்திருக்கிற பெடியளிட்ட இப்ப ஒரு புது ஆசை: பழைய காலத்து வடிவில் முழுமுக ஹெல்மெற். உருண்டையான ஓடு, நாடியை மூடுற வளைவு, பக்கத்தில் இரண்டு மூன்று நிறக் கோடுகள். 'றெட்ரோ' எண்டு பெயர். எது வடிவு, எந்த நிறம், என்ன விலை எண்டு கேட்கிறவை நிறையப் பேர். றெட்ரோ எண்டால் பழைய காலம். அது ஆருடைய பழைய காலம் எண்ட கேள்வியையும் கூடவே கேட்கலாம். ஏனெண்டால் இந்த ஹெல்மெற் நினைவுபடுத்துற காலத்தை நாங்கள் வாழவில்லை. முகம் மூடிய தலைக்கு எங்கட ஊரில் இருக்கிற வரலாறு வேற.

முதலில் அந்தப் பிறத்தியாரின் வரலாறு. 1935 மே 13 அன்று, 'அரேபியாவின் லோறன்ஸ்' என்று அறியப்பட்ட ரி. ஈ. லோறன்ஸ் இங்கிலாந்தின் டோர்செற் பகுதியில் தன் புறோ சுப்பீரியர் மோட்டார் சைக்கிளில் போகும்போது, சைக்கிளில் வந்த இரண்டு சிறுவர்களை விலத்தப் போய் விழுந்தார். தலையில் ஒன்றும் போட்டிருக்கவில்லை. ஆறு நாள் நினைவில்லாமல் கிடந்து இறந்தார். அவரைப் பார்த்த மருத்துவர்களில் ஒருவர் ஹியூ கெயின்ஸ் என்ற நரம்பியல் சத்திரசிகிச்சை நிபுணர். இரண்டாம் உலகப்போர் தொடங்கி முதல் 21 மாதங்களில் பிரித்தானிய வீதிகளில் 2279 மோட்டார் சைக்கிள்காரரும் பின்னால் இருந்து போனவர்களும் இறந்ததை 1941இல் வெளிவந்த தன் கட்டுரையில் கெயின்ஸ் எடுத்துக்காட்டினார். இறப்புக்கு முதற்காரணம் தலைக்காயம். ஹெல்மெற் போட்டிருந்து அடிபட்டவர்களில் அவர் பார்த்தது ஏழு பேரை. ஏழு பேரும் உயிர் தப்பியிருந்தார்கள். அதே ஆண்டில் பிரித்தானிய இராணுவம் செய்தி காவும் மோட்டார் சைக்கிள் வீரர்களுக்கு ஹெல்மெற்றைக் கட்டாயமாக்கியது.

முகத்தையும் மூடுகிற ஹெல்மெற் வர இன்னும் கால் நூற்றாண்டு எடுத்தது. கலிபோர்னியாவில் றோய் றிச்ரர் நடத்திய பெல் நிறுவனம் 1954இல் '500' என்ற ஹெல்மெற்றைச் செய்தது. 1960களின் நடுப்பகுதியில் 'ஸ்ரார்' என்ற முழுமுக ஹெல்மெற்றைக் கொண்டுவந்தது. 1968இல் டான் கேர்னி அதைப் போட்டுக்கொண்டு ஜேர்மனியின் நூர்பேர்க்றிங் திடலில் காரோட்டியதும் உலகம் பார்த்தது. இண்டைக்கு றெட்ரோ எண்டு கடையில் அடுக்கியிருக்கிற வடிவத்தின்ர பூட்டன் அந்த ஸ்ரார்தான். பந்தயத் திடலில், பணக்கார நாட்டில், உயிரை ஒரு விளையாட்டாகப் பணயம் வைத்த மனுசருக்காகப் பிறந்த சாமான்.

எங்கட பக்கம் வருவம். 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக்குள் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வருவது நின்றது. ஹொண்டா எம்.டி. 90 போன்ற பழைய வண்டிகள் மண்ணெண்ணெயில் ஓடின. ஸ்ராட் பண்ண மட்டும் சின்னப் போத்தலில் கொஞ்சப் பெற்றோல், சூடேறியபின் மண்ணெண்ணெய், பின்னால் வெள்ளைப் புகை. குண்டும் குழியுமான றோட்டில் அந்த வண்டி ஓடுற வேகத்துக்கு ஹெல்மெற்றைப் பற்றி ஆர் யோசிச்சது? சனம் வானத்தைப் பார்த்துப் பயந்த காலம் அது. எங்கட அப்பாமாரின் மோட்டார் சைக்கிள் படங்களைப் பாருங்கோ. எண்ணெய் தேய்ச்சு வாரின தலை, முன் ராங்கில் ஒரு பிள்ளை, பின்னால் அம்மா. எங்களுக்கு றெட்ரோ எண்டால் வெறுந்தலைதான்.

அந்தக் காலத்தில் முகம் மூடிய தலை எண்டால் சனத்துக்கு நினைவு வந்தது தலையாட்டி. சுற்றிவளைப்பு நடக்கும். சனத்தை வெளியில் எடுத்து வரிசையாக விடுவார்கள். சாக்கால் தலையை மூடி, கண்ணுக்கு மட்டும் ஓட்டை விட்ட ஒரு உருவம் முன்னால் இருக்கும். அது தலையை ஆட்டினால் அந்த ஆள் வரிசையிலிருந்து இழுக்கப்படுவார். அவர் திரும்பி வராமலும் விடலாம். இலங்கை இராணுவ காலத்திலும், 1987இல் வந்த இந்திய இராணுவ காலத்திலும், 1996க்குப் பிறகும் இது நடந்தது. மூடிய முகத்துக்கு உங்களைத் தெரியும், உங்களுக்கு அதைத் தெரியாது. அந்தப் பயம் இண்டைக்கும் எங்கட வீடுகளில் இருக்கு.

பிறகு சென்றிகளின் காலம். சென்றி கிட்ட வந்ததும் இறங்கவேணும், உருட்டவேணும், ஐ.சி.யைக் காட்டவேணும். ஹெல்மெற் இருந்தால் கழற்றவேணும். 2006க்குப் பிறகு மோட்டார் சைக்கிளில் வந்தவர்கள் சுட்டுவிட்டுப் போன செய்திகள் வந்துகொண்டிருந்த நாட்களில், ஹெல்மெற்றோட பின்னால் வாற வண்டிக்கு சனம் ஒதுங்கி வழிவிட்டது. போர் முடிந்த பிறகு வாள்வெட்டுக் குழுக்களும் மோட்டார் சைக்கிளில் முகத்தை மூடிக்கொண்டுதான் வந்தன. இண்டைக்கும் வங்கி வாசலிலும் நகைக்கடை வாசலிலும் 'தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு வரவும்' எண்டு எழுதியிருக்கு.

2015 மார்ச்சில் முழுமுக ஹெல்மெற்றுக்கு நாடு முழுவதும் தடை வருகிறது என்று பொலிஸ் அறிவித்தது. கொள்ளைக்கும் குற்றங்களுக்கும் அதைப் பயன்படுத்துகிறார்கள் என்பது காரணம். மோட்டார் சைக்கிள் ஓட்டுநர்கள் நீதிமன்றம் போனார்கள். மேன்முறையீட்டு நீதிமன்றம் அதை நடைமுறைப்படுத்துவதற்கு இடைக்காலத் தடை விதித்தது. 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களுக்குப் பிறகு, முகத்தை மூடுவதே அவசரகால ஒழுங்குவிதியால் தடைசெய்யப்பட்டது. அதன் பாரம் முஸ்லிம் பெண்களின் தலையில் விழுந்தது. அடுத்த வருசம் கொரோனா வந்ததும் அரசு எல்லாரையும் முகத்தை மூடச் சொன்னது.

இந்த இழுபறியில் நாடி மறந்துபோகிறது. விபத்தில் சிக்கிய ஹெல்மெற்றுகளை ஆராய்ந்த ஜேர்மன் ஆய்வாளர் டீற்மார் ஒட்டே, அடிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று நாடிப் பகுதியில் விழுந்திருப்பதைக் கண்டார். அடையாளம் காண அரசு திறந்துவைக்கச் சொல்லும் இடமும், றோட்டில் முதலில் உடையும் இடமும் ஒன்றுதான். பல ஆய்வுகளைத் தொகுத்த 2008 கொக்கிறேன் மீளாய்வு, ஹெல்மெற் இறப்பை 42 வீதமும் தலைக்காயத்தை 69 வீதமும் குறைப்பதாகச் சொல்கிறது. குண்டு குழி போய் காப்பெற் றோட்டு வந்திட்டுது, லீசிங்கில் வேகமான வண்டியும் வந்திட்டுது. தலைக்கு மட்டும் இன்னும் பொலிசுக்குக் காட்டப் போடுற அரை ஹெல்மெற். அதுக்கும் வார் பூட்டுறேல்லை.

ஆகவே றெட்ரோ வாங்க ஆசையெண்டால் வாங்குங்கோ. முழுமுகமாக வாங்குறது நல்ல விசயம். ஆனால் வடிவு மட்டும் பழசாக இருக்கட்டும். உண்மையான எழுபதாம் ஆண்டு ஹெல்மெற் ஆரிட்டையாவது கிடைச்சால் அலுமாரியில் வையுங்கோ, தலையில் வேண்டாம். உயிரைக் காப்பாற்றுகிறது ஓட்டுக்குள்ள இருக்கிற ரெஜிபோம் போன்ற படைதான். அது நசிஞ்சு அடியை வாங்கும், ஒருக்கா நசிஞ்சால் திரும்ப எழும்பாது. அதனால்தான் ஆரோ பாவிச்ச ஹெல்மெற்றை வாங்கக் கூடாது. துணியை விலக்கிப் பாருங்கோ. உள்ளே மெல்லிய பஞ்சு மட்டும் இருந்தால் அது அலங்காரச் சட்டி.

கனடாவில் இருந்து மாமா கொண்டுவாறதில் அநேகமாக 'டொட்' முத்திரை இருக்கும். அது அமெரிக்கத் தரம். உற்பத்தியாளரே தனக்குச் சான்று சொல்லுறது, நாடி வளைவைச் சோதிக்கிறதும் இல்லை. லண்டன், பாரிஸ் பக்கம் இருந்து வந்தால் 'ஈ.சி.ஈ.' முத்திரையைப் பாருங்கோ. 22.06 புதியது, தலை சுழன்று அடிபடுவதையும் சோதிக்கும். அந்த முத்திரையில் 'பி' எழுத்து இருந்தால் நாடி வளைவு பாதுகாப்புக்குச் சோதிக்கப்பட்டது, 'என்பி' எண்டால் வளைவு வெறும் தோற்றம். இலங்கைத் தரம் எஸ்.எல்.எஸ். 517, இந்தியத் தரம் ஐ.எஸ். 4151. அதோட, மாமாவுக்கு உங்கட தலையின்ர அளவு தெரியாது. புருவத்துக்கு மேலால நாடா பிடிச்சு அளந்து அனுப்புங்கோ. போட்டால் கன்னம் இறுகவேணும், நெற்றி நோகக்கூடாது. வாரைப் பூட்டிப்போட்டு பின்பக்கத்தால் தூக்கிப் பார்க்க, கழண்டு வந்தால் அது உங்களுக்கு உரியதில்லை.

றெட்ரோவின்ர பலவீனம் காற்று. பழைய தோற்றத்துக்காகத் துவாரங்களைக் குறைப்பார்கள். சித்திரை வெயிலில் கே.கே.எஸ். வீதியில் ஓடிப் பார்த்தால் தெரியும். உள்துணி கழற்றித் தோய்க்கக்கூடியதாக இருக்கவேணும். குமிழ்க் கண்ணாடி வடிவுதான், கீறுப்பட்டால் மாற்றுக் கண்ணாடி இங்க கிடைக்குமோ எண்டு வாங்க முதலே கேளுங்கோ.

கறுப்புக் கண்ணாடி வேண்டாம். இரவில் றோட்டில் படுத்திருக்கிற மாடு அதுக்குள்ளால தெரியாது எண்டது ஒரு காரணம். மற்றது, தெளிந்த கண்ணாடிக்குள்ளால உங்கட கண்ணும் கன்னமும் எதிரில் வாறவைக்குத் தெரியும். எங்கட ஊரில் அது சின்ன விசயமில்லை.

ஓடும்போது வாரைப் பூட்டுங்கோ, ஒழுங்கை முடக்குத்தானே எண்டு கழற்றிக் கண்ணாடியில் கொழுவாதேங்கோ. ஆனால் இரவில் ஒரு வீட்டுப் படலையில் நிண்டு கூப்பிடும்போது, கூப்பிட முதலே ஹெல்மெற்றைக் கழற்றுங்கோ. உள்ள லைற்றைப் போட்டு எட்டிப் பார்க்கிற அம்மம்மாவுக்கு டான் கேர்னியைத் தெரியாது. தலையாட்டியைத் தெரியும்.