மேரி வர்கீஸ்

மேரி வர்கீஸ் (1925–1986) வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பயின்று அங்கேயே பணியாற்றிய மருத்துவர். 1954-இல் நேர்ந்த வாகன விபத்தில் தண்டுவடம் சேதமடைந்து கால்கள் இரண்டும் செயலிழந்தன. அதன்பின் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். 1963-இல் வேலூரில் உடலியல் மருத்துவம், மறுவாழ்வுத் துறையின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். 1972-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். துன்பம் நீங்காத நிலையிலும் கிறிஸ்தவ விசுவாசம் ஒருவருக்கு என்ன நம்பிக்கை தர முடியும் என்ற கேள்விக்கு, தென்னிந்திய வரலாற்றில் இவருடைய வாழ்க்கையைவிடத் தெளிவான விடை கிடைப்பது அரிது.

பின்னணி

கொச்சிக்கு அருகிலுள்ள செராய் என்னும் ஊரில் ஒரு சிரியன் கிறிஸ்தவக் குடும்பத்தில் மேரி பிறந்தார். 1940-களில் மருத்துவம் படிக்க வேலூருக்கு வந்தார்.

அந்தக் கல்லூரியே ஒரு துயரத்தின் பயனாக எழுந்தது. 1870-இல் இராணிப்பேட்டையில் பிறந்த ஐடா ஸ்கடர், மருத்துவ மிஷனரிகளாகவே வாழ்ந்த ஒரு குடும்பத்தின் மகள். அவருக்கு அந்தப் பணியில் நாட்டம் இருக்கவில்லை. திண்டிவனத்தில் பெற்றோருடன் தங்கியிருந்தபோது, ஒரே இரவில் மூன்று ஆண்கள் அடுத்தடுத்து வந்து, பிரசவ வேதனையில் தவிக்கும் தங்கள் மனைவியரைக் காப்பாற்ற வரும்படி அவரை அழைத்தார்கள். அவர் மருத்துவம் படித்தவரல்லர். மருத்துவரான அவருடைய தந்தையையோ, ஆண் என்பதால், அவர்கள் வீட்டுக்குள் விடத் தயாராக இல்லை. மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். ஐடா அமெரிக்கா சென்று மருத்துவம் கற்றுத் திரும்பி, 1900-இல் ஒரே ஒரு படுக்கையுடன் வேலூரில் மருத்துவமனையைத் தொடங்கினார். 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி வந்தது. 1942-இல் அது எம்.பி.பி.எஸ். கல்லூரியாக உயர்ந்தது. 1947 முதல் ஆண்களும் சேர்க்கப்பட்டார்கள்.

மேரியின் வாழ்க்கையைத் திருப்பிய மற்றொருவர் அறுவை மருத்துவர் பால் பிராண்ட். 1914-இல் கொல்லிமலையில், ஆங்கிலேய மிஷனரிகளின் மகனாகப் பிறந்தவர். தந்தை ஜெசி பிராண்ட் 1929-இல் அதே மலையில் காய்ச்சலால் இறந்தார். தாய் எவ்லின் பிற்காலத்தில் மலைவாழ் மக்களிடமே திரும்பி வந்தார். வயதான காலத்தில் இரண்டு மூங்கில் கோல்களை ஊன்றி ஊர் ஊராக நடந்து, 1974-இல் இறக்கும்வரை அவர்களிடையே பணிசெய்தார். மகன் 1946-இல் வேலூருக்கு வந்தார். செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையில் ராபர்ட் காக்ரேன் காட்டிய நோயாளிகளின் மடங்கிய விரல்கள் அவரைத் தொழுநோய்ச் சிகிச்சைக்கு இழுத்தன.

விபத்து

1954-இல், மருத்துவமனையின் இளம் மருத்துவர்கள் சிலர் ஒரு வாகனத்தில் உல்லாசப் பயணம் போனார்கள். வழியில் வண்டி கவிழ்ந்தது. மேரியின் முகம் ஆழமாகக் கிழிந்தது. அந்தத் தழும்பு கன்னத்தில் கடைசிவரை இருந்தது. முதுகெலும்பு முறிந்து தண்டுவடம் சேதமானதால் இடுப்புக்குக் கீழே உணர்வும் அசைவும் போயின. அப்போது அவர் மகப்பேறு, பெண்கள் நல மருத்துவத்தில் பயிற்சியில் இருந்தார். அந்தத் துறை இரவும் பகலும் நின்றும் ஓடியும் செய்யவேண்டியது. முந்தின நாள்வரை நோயாளிகளைப் பார்த்த மருத்துவமனையிலேயே அவர் படுத்த படுக்கையானார்.

தண்டுவடச் சேதத்தைக் கால் போன துன்பம் என்று மட்டும் நினைப்பவர்கள் உண்டு. உண்மையில் கால்கள் அந்தத் துன்பத்தின் ஒரு பகுதிதான். சிறுநீரும் மலமும் தன் கட்டுப்பாட்டில் இருக்காது. சிறுநீர் தேங்கினால் தொற்று சிறுநீரகம்வரை போகும். உணர்வற்ற தோல் ஒரே இடத்தில் நெடுநேரம் அழுந்தினால் வலி தெரியாமலேயே புண்ணாகி எலும்புவரை குழிந்துவிடும். அதனால்தான் இரவிலும் இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை யாராவது புரட்டிப் படுக்கவைக்க வேண்டியிருக்கிறது. உடலைத் தாங்கும் தசைகள் தளர்ந்துபோவதால் நிமிர்ந்து உட்காருவதையே புதிதாகக் கற்கவேண்டும். அந்தக் காலத்து இந்தியாவில் இப்படி அடிபட்டவர்களில் பெரும்பாலோர் புண்ணாலோ சிறுநீரகக் கோளாறாலோ சீக்கிரமே இறந்துபோனார்கள். மேரி மருத்துவர். தமக்கு என்ன காத்திருக்கிறது என்பது அவருக்குத் தெரியும்.

கால்களைக் கேட்ட தமக்குச் சிறகுகள் கிடைத்தன என்ற பொருளில் அவர் சொன்ன வாசகம் பிற்காலத்தில் பரவலாக எடுத்தாளப்பட்டது. அழகான வாசகம்தான். ஆனால் அது விபத்துக்கும் சிறகுக்கும் இடையே கிடந்த ஆண்டுகளைச் சொல்வதில்லை. அறுவை சிகிச்சைகள், கால்களில் பூட்டும் இரும்புத் தாங்கிகள், கைகளின் பலத்தால் உடலைத் தூக்கி நாற்காலியில் வைக்கும் பயிற்சி, இனி யாருக்கும் பாரம்தானே என்ற எண்ணம் என்று அந்த ஆண்டுகள் நீண்டன. அவருடைய நம்பிக்கையைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிக் குதிப்பது நியாயமாகாது.

உட்கார்ந்து செய்யும் அறுவை

மேரியின் கைகளுக்கு எந்தச் சேதமும் இல்லை என்பதைக் கவனித்தவர் பிராண்ட். கையில் செய்யும் நுண்ணிய அறுவை சிகிச்சையை உலகெங்கும் மருத்துவர்கள் உட்கார்ந்துதான் செய்கிறார்கள். நோயாளியின் கை ஒரு சிறு பலகைமேல் நீட்டிக் கிடக்கும். மருத்துவர் அதன் முன் அமர்ந்திருப்பார். அங்கே முக்காலியில் இருப்பவருக்கும் சக்கர நாற்காலியில் இருப்பவருக்கும் வேறுபாடு குறைவு. பிராண்ட் அந்தப் பணிக்கு மேரியை அழைத்தார்.

தொழுநோய்க் கிருமி நரம்புகளைத் தாக்குகிறது. முழங்கையையும் மணிக்கட்டையும் கடந்து போகும் நரம்புகள் கெடும்போது விரல்களை நிமிர்த்தும் சிறு தசைகள் செயலிழந்து, கை பறவையின் நகம்போல் மடங்கிவிடுகிறது. கட்டைவிரல் மற்ற விரல்களுக்கு எதிரே வராது. தொடுவுணர்வும் போய்விடும். விரல்கள் நோயால் தாமாக அழுகி விழுகின்றன என்றே நெடுங்காலம் நம்பப்பட்டது. சூடு, வெட்டு, கீறல் எதையும் உணராமல் திரும்பத் திரும்பக் காயப்படுவதால்தான் விரல்கள் தேய்ந்து குறைகின்றன என்பதைப் பிராண்டின் குழு எடுத்துக் காட்டியது. காயத்தைத் தடுத்தால் விரலும் மிஞ்சும். மடங்கிய விரலை நிமிர்த்த, நன்றாக இயங்கும் ஒரு தசையின் நாணை எடுத்து வேறிடத்தில் பொருத்தும் முறையையும் அவர்கள் வளர்த்தார்கள்.

இந்த அறுவை சிகிச்சை கத்தியோடு முடிவதில்லை. மோதிரவிரலை மடக்கும் நாண்களில் ஒன்றை எடுத்துக் கட்டைவிரலில் இணைத்திருப்பார்கள் என்று வைத்துக்கொள்வோம். சில வாரங்கள் மாவுக்கட்டில் இருந்த கையை வெளியே எடுத்ததும், கட்டைவிரலை அசை என்றால் நோயாளியால் முடியாது. மோதிரவிரலை மடக்குவதாக எண்ணச் சொல்லவேண்டும். எண்ணினால் கட்டைவிரல் அசையும்! நோயாளி திகைத்துப்போவார். பிறகு நாள்தோறும் பழகப் பழக, மூளை அந்தப் புதிய வழியைத் தன்னுடையதாக்கிக்கொள்ளும். இழந்த தசை திரும்பி வரவில்லை. மிஞ்சிய தசைக்குப் புது வேலை கிடைத்திருக்கிறது. அந்தக் கைகளுக்கு நேர்ந்ததும் அவற்றைத் திருத்திய மருத்துவருக்கு நேர்ந்ததும் ஏறக்குறைய ஒன்றுதான்.

கன்னத்தில் தழும்போடு, தங்களைப்போலவே உடல் ஊனப்பட்ட ஒருவர் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்து தங்கள் கையைத் தொட்டுப் பார்த்தது தொழுநோயாளிகளிடம் பெரிய மாற்றத்தை உண்டாக்கியது என்று பிராண்ட் பதிவு செய்திருக்கிறார். தொடவே அஞ்சிய உலகத்தைப் பார்த்தவர்கள் அவர்கள். பேருந்தில் ஏற்றமாட்டார்கள், சொந்த ஊரில் வீடு கிடைக்காது. கை நிமிர்ந்தவர்களுக்கும் அடுத்த கேள்வி வயிற்றுப்பாடு. மடங்கிய கையைக் காட்டிப் பிச்சை எடுத்து வந்தவருக்கு, சரியான கை வந்ததும் அந்த வரும்படியும் நின்றுபோனது. அதற்காகவே பிராண்டின் குழு தச்சு வேலை கற்றுக்கொடுக்கும் புதுவாழ்வு இல்லம் ஒன்றை நடத்தியது.

நம்பிக்கையின் தன்மை

துன்பத்தில் கிறிஸ்தவர்கள் பற்றிக்கொள்ளும் நம்பிக்கை இருவகையாக வெளிப்படுகிறது. ஒன்று, விடாமல் ஜெபித்தால் தேவன் சுகம் தருவார் என்ற எதிர்பார்ப்பு. இதை ஏளனம் செய்யக்கூடாது. நோயாளியின் தலைமாட்டில் முழங்கால்படியிடும் தாய்க்கு இது மூச்சு. ஆனால் சுகம் வராதபோது அது இரண்டு மடங்கு காயப்படுத்துகிறது. உனக்கு விசுவாசம் போதவில்லை என்று சுற்றத்தார் சொல்லும்போது, படுத்திருப்பவர் உடலையும் இழந்து கடவுளையும் இழந்ததாக உணர்கிறார்.

மற்றொன்று வேதாகமத்தின் உட்பகுதிகளில் இருப்பது. சங்கீதங்களில் மிகுதியான பங்கு புலம்பல். கடவுளிடம் ஏன் என்றும் எதுவரைக்கும் என்றும் கேட்கிற குரல். யோபு நண்பர்களின் விளக்கங்களை ஏற்க மறுக்கிறான். தன் மாம்சத்திலுள்ள முள் நீங்கும்படி மூன்று தரம் வேண்டிக்கொண்டதாகவும் அது நீங்கவில்லை என்றும் பவுல் கொரிந்தியருக்கு எழுதுகிறார். ரோமருக்கு எழுதிய நிருபத்தின் ஐந்தாம் அதிகாரத்தில் உபத்திரவத்திலிருந்து பொறுமையும், பொறுமையிலிருந்து பக்குவமும், பக்குவத்திலிருந்து நம்பிக்கையும் பிறப்பதாக அவர் வரிசைப்படுத்துகிறார். அந்த வரிசையில் நம்பிக்கைக்குக் கடைசி இடம். அதை முன்பணமாகக் கேட்பவர்களுக்கு அது கிடைப்பதில்லை.

மேரி இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவர். நடப்பதற்காக அவர் ஏங்கவில்லை என்பதல்ல. ஏக்கம் நிறைவேறாது என்று தெரிந்த பின்னும் ஜெபம் நிற்கவில்லை. மிஞ்சிய கைகளை எடுத்துக்கொள்ளும்படியான வேண்டுதலாக அது மாறியது. அமெரிக்க எழுத்தாளர் டோரதி கிளார்க் வில்சன் 1963-இல் வெளியிட்ட அவருடைய வாழ்க்கை வரலாற்றுக்கு ‘டேக் மை ஹேண்ட்ஸ்’ (என் கைகளை எடுத்துக்கொள்ளும்) என்று பெயர் வைத்ததும் இதனால்தான்.

வேலூரில் தொழுநோயாளிகள் கூடிய ஓர் ஆராதனையில் பேச அழைக்கப்பட்டதைப் பற்றிப் பிராண்ட் எழுதியிருக்கிறார். முன்னேற்பாடு இல்லாமல் எழுந்தவருக்கு, மறைத்து வைக்கப்பட்ட கைகளே கண்ணில் பட்டன. இயேசுவின் கைகளைப் பற்றிப் பேசினார்: தச்சனாகக் காய்ப்பேறிய கைகள், நோயாளிகளைத் தொட்ட கைகள், ஆணி அறையப்பட்டு நரம்பு சேதமாகி மடங்கியிருக்கக்கூடிய கைகள், உயிர்த்தெழுந்த பின்னும் தழும்பு மறையாத கைகள். பேசி முடித்தபோது, அதுவரை ஒளித்துவைத்திருந்தவர்கள் கைகளை உயரத் தூக்கிக் கூப்பினார்களாம். பூரண உடல் என்றால் வடு இல்லாத உடல் என்றே நினைத்துப் பழகியவர்களுக்கு, யோவான் சுவிசேஷத்தின் இருபதாம் அதிகாரம் சொல்லும் இந்தச் செய்தி சிறிய ஆறுதல் அன்று.

மறுவாழ்வுத் துறை

ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் மறுவாழ்வுச் சிகிச்சை பெற்ற மேரி, பின்னர் நியூயார்க் சென்று, அந்தத் துறையின் முன்னோடியான ஹோவர்ட் ரஸ்க் நடத்திய நிலையத்தில் உயர்பயிற்சி பெற்றார். தனியாக வாழவும் வண்டி ஓட்டவும் ஊனமுற்றோருக்குச் சொல்லிக்கொடுக்க முடியும் என்பதை அங்கே கண்டார். வேலூருக்குத் திரும்பி 1963-இல் துறைப் பொறுப்பை ஏற்றார். 1966-இல் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. உள்நோயாளிகளைத் தங்கவைத்துப் பயிற்சி தரும் இத்தகைய நிலையங்களில் இந்தியாவிலேயே மிகப் பழையவற்றுள் அது ஒன்று. இன்று அது அவருடைய பெயரைத் தாங்கி நிற்கிறது.

அங்கே வருபவர்களில் பலர் கூலித் தொழிலாளிகள்: பனையிலும் தென்னையிலும் மாமரத்திலும் ஏறி விழுந்தவர்கள், கிணற்றில் தவறியவர்கள், கட்டட வேலையில் சாரத்திலிருந்து சரிந்தவர்கள், சாலை விபத்தில் சிக்கியவர்கள். குடும்பத்தைத் தாங்கியவரே படுத்துவிட்ட வீடுகள் அவை. உடனிருக்கும் மனைவியோ தாயோ, புண் வராமல் எப்படிப் புரட்டுவது, சிறுநீர்க் குழாயை எப்படிச் சுத்தமாகக் கையாள்வது என்பதையெல்லாம் கற்றுக்கொண்டே ஊர் திரும்புகிறார்கள்.

மதிப்பீடு

மாற்றுத்திறனாளிகளின் உரிமைக்காகப் போராடுவோர் இத்தகைய வாழ்க்கைக் கதைகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை விடுப்பதுண்டு. ஒருவருடைய மனவுறுதியைப் புகழ்ந்து புகழ்ந்து, சாய்தளம் கட்டாத அலுவலகத்தையும் படியேறினால்தான் நுழைய முடிகிற பேருந்தையும் சமூகம் மன்னித்துவிடுகிறது என்கிறார்கள். இந்த எச்சரிக்கை சரியானது. மேரிக்கு விசுவாசம் இருந்தது. அதோடு தாம் பணியாற்றிய மருத்துவமனையின் துணையும், கைவிடாத சகாக்களும், வெளிநாட்டில் பயிற்சி பெறும் வாய்ப்பும் இருந்தன. பனையிலிருந்து விழுந்த தொழிலாளிக்கு ஜெபம் இருக்கலாம், மற்றவை இல்லை. அவருடைய விசுவாசத்துக்கு மதிப்பைக் கூட்டுவது, தமக்குக் கிடைத்ததை அந்தத் தொழிலாளிக்கும் கிடைக்கச் செய்ய அவர் ஒரு துறையைக் கட்டினார் என்பதுதான்.

உடல்நலம் தொடர்ந்து குன்றிவந்த நிலையில் மேரி வர்கீஸ் 1986-இல் இறந்தார். தண்டுவடம் பாதிக்கப்பட்டு வேலூரில் பயிற்சி பெற்றுப் போனவர்கள் கூடும் ‘ரிஹாப் மேளா’ ஆண்டுதோறும் நடக்கிறது. தோலில் புண் உண்டா, சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று பார்த்துக்கொள்வதும், சக்கர நாற்காலிப் பந்தயங்களில் கலந்துகொள்வதும், புதிதாக அடிபட்டு வந்திருப்பவர்களிடம் பழையவர்கள் உட்கார்ந்து பேசுவதும் அதில் அடங்கும்.