'துரோகி' என்ற சொல் எங்கிருந்து வந்தது?

போன மாதம் மோர்னிங்சைட்டில் எங்கள் வீட்டில் முன்னூற்றிநாலு விளையாடினோம். என் பக்கம் இருந்த மச்சான் என்னுடைய தாளையே துரும்பால் வெட்டினான். "டேய் துரோகி!" என்று கத்தினேன். எல்லாரும் சிரித்தார்கள். அம்மம்மா மட்டும் சிரிக்கவில்லை.

"அந்தச் சொல்லை இந்த வீட்டில சொல்லாதை" என்றார்.

ஏன் என்று தேடப் போனேன்.

'துரோகம்' வடமொழியிலிருந்து தமிழுக்கு வந்த சொல். அதன் வேருக்குப் பொருள் தீங்கு செய்தல், பகை நினைத்தல். பழைய பாரசீகத்தில் இதன் உறவுச் சொல்லுக்குப் பொருள் 'பொய்'. சுமார் 2500 ஆண்டுகளுக்கு முன் டேரியஸ் மன்னன் பெகிஸ்தூன் மலைப்பாறையில் வெட்டுவித்த கல்வெட்டில், தன்னை எதிர்த்தவர்களைப் பற்றிச் சொல்ல அதைப் பயன்படுத்தினான்.

தமிழ்க் கல்வெட்டிலும் இந்தச் சொல் இருக்கிறது. 'பொன்னியின் செல்வன்' படத்தில் வரும் ரவிதாசன் நினைவிருக்கிறதா? அவன் உண்மையில் வாழ்ந்தவன். காட்டுமன்னார்கோயிலுக்குப் பக்கத்தில் உள்ள உடையார்குடிக் கோயில் கல்வெட்டு, ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று அவனையும் அவன் சகோதரர்களையும் பெயர் சொல்லிக் குறிக்கிறது. இது முதலாம் இராசராசனின் 2ஆம் ஆட்சியாண்டு, ஏறத்தாழ 987. அவர்களுடைய நிலங்களோடு உறவினர்களின் நிலங்களையும் பறிக்கச் சொல்கிறது அரச ஆணை. சொல் ஒருவனோடு நிற்கவில்லை, குடும்பத்துக்கும் போனது.

அங்கே கொலை முதலில் நடந்தது, பெயர் பிறகு வந்தது. எங்கள் ஊரில் இது தலைகீழானது. யாழ்ப்பாண மேயர் அல்பிரட் துரையப்பாவை அரசியல் மேடைகளில் துரோகி என்றார்கள். 1975 யூலை 27 அன்று பொன்னாலை வரதராஜப் பெருமாள் கோயிலடியில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அதன்பின் வந்த ஆண்டுகளில் இந்தப் பெயரைச் சூட்டிக் கொல்லப்பட்டவர்கள் பலர். பெயரே தீர்ப்பாகிவிட்டது. விசாரணை இல்லை, எதிர்க்கேள்வி இல்லை.

இதையெல்லாம் அம்மம்மாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்:

"எங்கட சந்தியில ஒரு பெடியனை லைற் போஸ்ற்றில கட்டிச் சுட்டுப்போட்டு, கழுத்தில மட்டை ஒண்டு தொங்க விட்டவங்கள். தாய்க்கு வாசிக்கத் தெரியாது. என்ன எழுதியிருக்கு எண்டு என்னட்டத்தான் கேட்டவ."

"நீங்கள் என்ன சொன்னீங்கள்?"

"தெரியேல்லை எண்டு சொன்னனான்."

தம்பி தங்கச்சிமாரே, உண்மையாகவே துரோகம் செய்தவர்களும் உண்டு. ஆனால் யாராவது அந்தச் சொல்லைச் சொன்னால் இரண்டு கேள்வி கேளுங்கள்: அவர் யாருக்கு என்ன தீங்கு செய்தார்? அதை விசாரித்தது யார்? பதில் வராவிட்டால், அந்தச் சொல்லைத் திருப்பிச் சொல்லாதீர்கள்.

மச்சான் இன்னும் ஒழுங்காக விளையாடுவதில்லை. இப்போது அவனை 'மொக்கு' என்று மட்டும்தான் ஏசுகிறேன். அதற்கு அம்மம்மாவும் சிரிக்கிறார்.