கூரை வழியே போன பணம்

பனி பெய்யும் நாட்டில் ஒரு வீட்டை எண்ணிக்கொள்ளுங்கள். அடித்தளத்தில் ஓர் உலை இரவு பகலாக எண்ணெயை எரித்து வீட்டைச் சூடாக்குகிறது. சூடான காற்று இலேசானது. அது மேலே எழும்பிக் கூரை வழியாகவும் இடுக்குகள் வழியாகவும் வெளியேறிவிடுகிறது. ஓட்டைப் பானையில் நீர் நிரப்பிய கதைதான்! பரணில் கண்ணாடி இழைப் பஞ்சைப் பரப்பினால், இழைகளுக்கிடையே காற்று அசையாமல் சிறைப்படும். அசையாத காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது என்று பள்ளியில் படித்திருப்பீர்கள்.

எண்ணெய் மலிவாக இருந்தவரை அமெரிக்கர்கள் இதற்காக அதிகம் கவலைப்படவில்லை. 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய் அனுப்ப மறுத்தன. சில மாதங்களுக்குள் கச்சா எண்ணெயின் விலை ஏறக்குறைய நான்கு மடங்காயிற்று. 1977இல் பதவியேற்ற ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் கம்பளிச் சட்டையுடன் தொலைக்காட்சியில் தோன்றி, பகலில் வீட்டு வெப்பநிலையை 65 டிகிரி பாரன்ஹீட் அளவில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டினார்.

வேண்டுகோள் மட்டும் போதுமா? 1978இல் எரிசக்தி வரிச் சட்டம் வந்தது. வெப்பக்காப்புக்காகச் செலவிடும் முதல் 2,000 டாலரில் 15 சதவிகிதம், அதாவது 300 டாலர் வரை, வரியிலேயே கழிந்தது. இதைக் கவனியுங்கள். 20 சதவிகித வரி கட்டுபவரின் வருமானத்தில் 300 டாலரைக் கழித்தால் அவருக்கு மிஞ்சுவது 60 டாலரே. வரியில் கழித்தால் முழு 300 டாலரும் மிச்சம்.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் வரி கட்டும் அளவுக்கே வருமானம் இல்லாத ஏழைக்கு எதில் கழிப்பது? குளிர் அதிகம் புகும் பழைய வீடுகளில் அவர்களே மிகுதியாக வாழ்ந்தனர். அவர்கள் வீடுகளை அரசே செப்பனிடும் திட்டம் 1976இலேயே சட்டமாகியிருந்தது என்பது ஓர் ஆறுதல். வாடகைக்குக் குடியிருப்பவரோ, பிறர் கூரைக்கு ஏன் பணம் போடுவார்?

சூரிய வெந்நீர்க் கலங்களுக்குச் சலுகை இன்னும் தாராளம். 1980இல் அது 4,000 டாலர் வரை உயர்ந்தது. 1985 முடிவில் இரண்டு சலுகைகளும் காலாவதியாயின. மறு ஆண்டு எண்ணெய் விலையும் சரிந்தது. சலுகையை நம்பித் தொழில் தொடங்கிய பலர் கடையை மூடினர். வெள்ளை மாளிகைக் கூரையில் கார்ட்டர் 1979இல் வைத்த 32 சூரியத் தகடுகளும் 1986இல் கூரைப் பழுதுபார்ப்பின்போது இறக்கப்பட்டன, திரும்ப ஏற்றப்படவில்லை.

2005ஆம் ஆண்டுச் சட்டம் வீட்டுக்காப்புச் சலுகைக்கு மீண்டும் உயிர் கொடுத்தது. 2022ஆம் ஆண்டுச் சட்டம் அதை 30 சதவிகிதமாக்கி, ஏழைகளுக்கு மாநிலங்கள் வழியே நேரடித் தள்ளுபடியையும் சேர்த்தது. 2025 ஜூலையில் இயற்றிய சட்டமோ, அவ்வாண்டு டிசம்பர் 31க்குப் பின் பொருத்துவோருக்கு வரிச்சலுகை கிடையாது என்று கணக்கை முடித்தது.