பாறசாலை லண்டன் மிஷன் சபை

நெய்யாற்றின்கரை வட்டத்தில் உள்ள பழைய சீர்திருத்தச் சபை. 1806இல் மயிலாடியில் மிஷனரி ரிங்கல்தௌபேயும் உள்ளூர் விசுவாசி வேதமாணிக்கமும் தொடங்கிய திருப்பணியின் வடக்குக் கிளை. பாப்டிஸ்ட்டுகளைப் போல ஊர்ச்சபைக்கே முதலிடம் தந்த காங்கிரிகேஷனல் மரபு. ஆனால் குழந்தைகளுக்கும் ஞானஸ்நானம் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் மிஷனரி ஜான் ஆப்ஸ் இங்கு ஊழியம் செய்தார்.

இச்சபையாரின் வரலாற்றை மிஷனரிகளின் பெயர்களால் மட்டும் எழுதுவது அநீதி. மேலாடை உரிமைக்கான தோள்சீலைப் போராட்டக் காலத்தில் குப்பாயம் (ரவிக்கை) அணிந்த பெண்கள் சந்தைகளில் தாக்கப்பட்டனர். 1859இல்தான் அவர்கள் குப்பாயம் அணிய அனுமதிக்கும் அரசாணை வந்தது. உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசியை ஒதுக்கிச் சபைக்குத் தந்தவர்களும் பெண்களே.

1947இல் லண்டன் மிஷன் சபைகள் தென்னிந்தியத் திருச்சபையில் இணைந்தன. 1956இல் மாநில எல்லைகள் மாறியபோது அண்டை வட்டமான விளவங்கோடு தமிழகத்துக்குப் போக, பாறசாலை கேரளத்தில் நின்றது. 1959இல் கன்னியாகுமரிப் பேராயமும் தனியாகப் பிரிந்தது.