பெயருக்குள் ஒளிந்திருந்த நஞ்சு

நோய்க்குப் பெயர் சூட்டுவோர், அதனை முதன்முதல் கண்ட பொருளை வைத்தே பெரும்பாலும் பெயர் சூட்டிவிடுகின்றனர். பின்னர் அந்தப் பெயரே உண்மையை மறைக்கும் திரையாகிவிடுவதும் உண்டு. ‘பொட்டுலிசம்’ என்னும் நச்சுநோயின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

‘பொட்டுலுஸ்’ என்பது இலத்தீன் சொல். குடலுக்குள் இறைச்சியைத் திணித்துச் செய்யும் தொத்திறைச்சி என்பது அதன் பொருள். இக்கால அரபு மருத்துவ நூலோர் இந்நோயைத் ‘தஸம்மும் வஷீகீ’ என மொழிபெயர்த்தனர். ‘வஷீகா’ என்பது, சற்றே கொதிக்கவைத்து உலர்த்திப் பயணத்திற்கு எடுத்துச் செல்லும் இறைச்சி. ஆக, இரு மொழிகளிலும் பழியை ஏற்றது இறைச்சியே. பன்றி ஊனைத் தீண்டாத நம் இல்லங்களுக்கு இந்நோய் ஏன் வரப்போகிறது என்று வாசகர் எண்ணக்கூடும். அவ்வெண்ணம் சரிதானா என்பதை வரலாற்றிடமே கேட்போம்.

ஜெர்மனியின் உர்ட்டம்பெர்க் நாட்டில் மருத்துவராகவும் கவிஞராகவும் விளங்கியவர் யுஸ்டினுஸ் கெர்னர். தொத்திறைச்சி உண்டு நஞ்சேறியோரைப் பற்றி 1820இல் 76 நிகழ்வுகளையும், 1822இல் 155 நிகழ்வுகளையும் அவர் தொகுத்து வெளியிட்டார். காற்றுப் புகாத நிலையிலேயே இந்நஞ்சு விளைகிறது என்றும், அது நரம்புகளைத் தாக்குகிறது என்றும் கூறினார். அளவறிந்து கையாண்டால் இதுவே மருந்தாகலாம் என்றும் கருதினார். கிருமி என்பது இன்னதென உலகம் அறியாத காலத்தில் ஒருவர் இத்துணை தெளிவாகக் கண்டது வியப்பிற்குரியது.

1895 டிசம்பரில் பெல்ஜியத்தின் எல்லசெல் என்னும் சிற்றூரில், இறுதிச் சடங்கொன்றில் வாத்தியம் இசைக்க வந்தோர் உப்பிட்ட பன்றித் தொடையிறைச்சியை உண்டனர். அவர்களுள் மூவர் மாண்டனர். கெண்ட் நகரப் பேராசிரியர் எமில் வான் எர்மெங்கம் அவ்விறைச்சியிலிருந்தே கிருமியைப் பிரித்தெடுத்து, 1897இல் தம் ஆய்வை வெளியிட்டார். இன்று அக்கிருமியின் பெயர் ‘கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம்’.

இறைச்சிதான் குற்றவாளி என உலகம் தீர்ப்பளித்திருந்த வேளையில், 1904இல் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில் டப்பாவில் அடைத்த அவரை விதையை உண்டோர் அதே நோயால் இறந்தனர். 1985இல் கனடாவின் வான்கூவர் நகரில், எண்ணெயில் ஊறிய பூண்டால் 36 பேர் வீழ்ந்தனர். இறைச்சியன்று, காற்றும் புளிப்புமற்ற அடைப்பே இக்கிருமிக்கு இல்லம் என்பது விளங்கிற்று. கிருமியின் வித்துகள் மண்ணெங்கும் உள்ளன. கொதிநீரின் சூட்டிலும் அவை சாவதில்லை. ஆனால் அவை ஈன்ற நஞ்சோ, உணவை நன்கு கொதிக்கவைத்தால் அழிந்துவிடும்.

இந்நஞ்சு என்ன செய்கிறது? நரம்பின் முனையிலிருந்து ‘அசிட்டைல்கோலின்’ என்னும் பொருள் வெளிப்பட்டால்தான் தசை அசையும். அவ்வெளிப்பாட்டையே நஞ்சு தடுக்கிறது என 1949இல் இங்கிலாந்தில் பர்கனும் உடனிருந்தோரும் காட்டினர். நரம்பினுள் உள்ள புரதமொன்றை இந்நஞ்சு கத்தரிபோல் அறுக்கிறது என்பதை 1992இல் இத்தாலியின் பதுவா நகர ஆய்வாளர் கண்டனர்.

அதே கத்தரியை ஏந்திய இரட்டைப் பிறவி ஒன்றும் உண்டு. அதனை நம் பகுதியினர் நன்கறிவர். திருமுருகன்பூண்டியில் உளிபட்டுக் காயமுற்ற சிற்பியும், திருப்பூர் பனியன் கம்பெனியில் விரலில் ஊசி ஏறிய தையற்காரரும் உடனே டி.டி. ஊசி போட்டுக்கொள்ள ஓடுவது இரண ஜன்னிக்கு அஞ்சியே. இப்னு சீனா தம் ‘அல்கானூன்’ நூலில் ‘குஸாஸ்’ என்று விரித்துரைத்த நோய் அதுவே. இரு நஞ்சும் ஒரே குடும்பம். அறுப்பதும் ஒரே புரதக் கூட்டத்தை. ஆனால் ஜன்னி நஞ்சு முதுகுத்தண்டுவரை ஏறி, தசையைத் தளர்த்தும் நரம்பை முடக்குவதால் உடல் விறைக்கிறது. பொட்டுலினம் தசையருகே நின்று முடக்குவதால் உடல் தொய்கிறது.

கெர்னரின் கனவும் நனவாயிற்று. அமெரிக்கக் கண் மருத்துவர் ஆலன் ஸ்காட் இந்நஞ்சைத் துளியினும் துளியாக்கி மாறுகண்ணிற்கு மருந்தாக்கினார். 1989இல் அமெரிக்க அரசு அதற்கு இசைவளித்தது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1996 செப்டம்பரில் குஜராத்தின் விடுதிப் பள்ளி ஒன்றில் 34 மாணவர் நோயுற்றனர். புதுதில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தில் ரமா சௌத்ரியும் உடன் ஆய்வாளரும் ஆராய்ந்து 1998இல் அறிக்கை வெளியிட்டனர். பொட்டுலிசம் என ஐயுறப்பட்ட அந்நிகழ்வில் அவர்கள் சுட்டிய உணவு, கடலை மாவில் செய்த சேவு! அதிலிருந்து கிடைத்த கிருமியும் பொட்டுலினம் அன்று. ‘கிளாஸ்ட்ரிடியம் பியூட்டிரிகம்’ என்னும் வேறோர் இனம். பொட்டுலினத்தின் ‘ஈ’ வகை நஞ்சைச் சமைக்கும் மரபணுவை அது தாங்கியிருந்தது. அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே, இத்தாலியில் குழந்தைகளிடம் இவ்வினம் அந்நஞ்சை ஈன்றது அறியப்பட்டிருந்தது. ஆகவே நோயின் பெயரிலிருந்த இறைச்சியும் பொய்த்தது. கிருமியின் பெயரும் பொய்த்தது. நஞ்சு ஒன்றே மெய்யாய் நின்றது.

நம் இல்லங்களை நேரே தொடும் செய்தி இனித்தான் வருகிறது. 1976இல் அமெரிக்காவில், கைக்குழந்தைகளுக்கு இந்நோய் வேறு வழியாக வருவது கண்டறியப்பட்டது. வளர்ந்தவர் குடலில் முளைக்க இயலாத வித்துகள், முதிராத குழந்தைக் குடலில் முளைத்து அங்கேயே நஞ்சைச் சுரக்கின்றன. அவ்வித்துகள் வந்த வழிகளுள் ஒன்று தேன்! எனவேதான் ஓராண்டு நிரம்பாத குழந்தைக்குத் தேன் கூடாதென மருத்துவ உலகம் ஒருமுகமாய் உரைக்கிறது.

பிறந்த குழந்தையின் நாவில் தேன் தொட்டு வைப்பது நம்மில் பலரிடம் வழக்கம். தேனை நோய் தீர்க்கும் பொருளெனத் திருமறையின் நஹ்ல் அத்தியாயம் சிறப்பிக்கிறதே, அதில் தீங்கு வருமா எனப் பாட்டிமார் கேட்கலாம். ஒரு பொருள் நல்லதாயிருப்பது வேறு, அது எவ்வயதினர்க்கும் ஏற்றதாயிருப்பது வேறு. பச்சிளங் குழந்தைக்கு இறைச்சிச் சோறு ஊட்டுவார் உண்டோ? மேலும், அபூ மூஸா (ரலி) அவர்களின் மகவுக்கும் அஸ்மா (ரலி) அவர்களின் மகவுக்கும் பெருமானார் (ஸல்) அவர்கள் செய்த தஹ்னீக் பேரீச்சங்கனியால் அமைந்தது என்றே ஹதீஸ் நூல்கள் கூறுகின்றன. தேனைத் தவிர்ப்பதால் சுன்னத்து எதுவும் கைநழுவிப் போவதில்லை.

கைக்குழந்தைக்கு மலம் கட்டி, பால் உறிஞ்சும் வலுவும் அழுகையொலியும் குறைந்து, தலை தொய்ந்தால், பெரியவர்க்கு இமை சரிந்து, பார்வை இரட்டையாகி, நாக்குழறி, விழுங்க இயலாது போனால், காலந் தாழ்த்தாது மருத்துவமனையை நாடவேண்டும். நஞ்சுமுறி மருந்தும் செயற்கைச் சுவாசமும் உயிரை மீட்கும். ஆயினும், இது நமக்குரிய நோயன்று என வாளாவிருந்தால் அவற்றால் பயன் விளையாது. பெயரை நம்பி இருந்துவிடாது, பொருளை ஆராய்ந்து தெளிவதே அறிவுடைமை.