பேரும் அரைப்பேரும்



நாவலப்பிட்டியிலிருந்து அட்டனுக்கு ஏறும் புகையிரதப் பாதையிலே, இத்தீவில் மிகுந்த மழை பெறும் இடங்களுள் ஒன்றாகிய வட்டவளை அமைந்துள்ளது. அங்குள்ள தேயிலைத் தோட்டங்களில் வேலைநாள் பிரட்டுக் களத்தில் தொடங்கிக் கொழுந்து நிறுக்கும் தராசடியில் முடிவது நெடுங்கால வழக்கம். விதித்த நிறை கொழுந்து எடுத்தவளுக்கு அன்று ஒரு 'பேர்'; நிறை குறைந்தவளுக்கு 'அரைப்பேர்'. மழையில் நனைந்தபடி நாள் முழுதும் மலையில் நின்ற பெண்ணின் உழைப்பு, செக்ரோல் ஏட்டிலே பாதி நாளாகப் பதிந்துவிடும். அவ்வேட்டை மாத்திரம் படிப்பவர், அவள் பாதி நாளே வேலை செய்தாள் என்று எண்ணக்கூடும்.

பதிவின் விதியை அறியாமல் எண்ணைப் படிப்பதால் நேரும் பிழை இது. பொருளியலையும் தரவு விஞ்ஞானத்தையும் ஒருங்கே கற்பிக்கும் முதுமாணிப் படிப்புகள் இன்று உலகின் பல பல்கலைக்கழகங்களில் நடைபெறுகின்றன. இவ்விரண்டையும் ஏன் சேர்த்துக் கற்க வேண்டும் என்ற கேள்விக்கு விடை அந்தச் செக்ரோல் ஏட்டிலேயே இருக்கிறது. இக்கல்வி பெயரளவிற் புதியதாயினும், இதன் வேர் பழையது. அவ்வேர்களுள் ஒன்று தமிழ்நாட்டிலேயே ஊன்றியது.

1915ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பொருளியற் பேராசிரியராக வந்தவர் கில்பர்ட் சிலேட்டர். நூல்களில் உள்ள கோட்பாடுகளோடு அவர் நின்றுவிடவில்லை. மாணவர்களைக் கொண்டே கிராமங்களை ஆராயச் செய்தார். நிலம் எவ்வளவு, கூலி எவ்வளவு, கடன் எவ்வளவு என்று வீடுதோறும் கேட்டறிந்தனர். தென்னார்க்காட்டு இருவேல்பட்டு, திருநெல்வேலிக் கங்கைகொண்டான் முதலிய ஊர்களின் கணக்கு 1918இல் நூலாக வெளிவந்தது. 1930களின் பிற்பகுதியில் பி. ஜே. தாமசும் கே. சி. இராமகிருஷ்ணனும் அவ்வூர்களுக்கு மீண்டும் ஆய்வு நடத்தினர். ஒரே ஊரை இருமுறை அளந்தமையால், இடையில் நேர்ந்த மாற்றம் புலனாயிற்று.

வடக்கே, மகலனோபிஸ் 1931இல் கல்கத்தாவில் இந்தியப் புள்ளிவிபரக் கழகத்தை நிறுவினார். யாவரையும் எண்ணாமல், தக்க முறையில் தெரிந்தெடுத்த சிலரைக் கொண்டு நாட்டின் நிலையை மதிப்பிடும் மாதிரிக் கணிப்பை அவர் வளர்த்தார். ஒரே பிரதேசத்துக்கு இரு குழுக்களைத் தனித்தனியே அனுப்பி, இரண்டின் முடிவுகளையும் ஒப்பிட்டுப் பார்ப்பது அவர் கண்ட உபாயம். கணக்கெடுப்பவரின் பிழையும் அதனால் வெளிப்படும். 1950இல் இந்தியாவின் தேசிய மாதிரிக் கணிப்பு தொடங்கியது.

இலங்கையிலே மத்திய வங்கி 1950இல் நிறுவப்பட்டு, 1953இல் மக்களின் வரவு செலவு பற்றிய தன் முதல் மாதிரிக் கணிப்பை நடத்தியது. காலப்போக்கில் இந்நாட்டுக் கணிப்புகளில் நகரம், கிராமம், தோட்டம் என்னும் மூன்று துறைகளைத் தனித்தனியே காட்டுவது வழக்கமாயிற்று. அதன் பயனை 2019ஆம் ஆண்டின் வீட்டு வரவு செலவுக் கணிப்பிற் காணலாம். நாடு முழுவதற்கும் வறியோர் நூற்றுக்கு 14.3 பேர், நகரத்தில் 6 பேர், கிராமத்தில் 15 பேர், தோட்டத்திலோ 33.8 பேர். 2012ஆம் ஆண்டுக் குடித்தொகை மதிப்பின்படி தோட்ட மக்கள் நாட்டிலே நூற்றுக்கு 5 பேருக்கும் குறைவு. அத்தனி நிரல் இல்லையாயின், மூவரில் ஒருவர் வறியவர் என்னும் செய்தி, நாட்டின் சராசரிக்குள்ளே சுவடின்றி மறைந்திருக்கும்.

இன்று கணினி இலட்சக்கணக்கான வரிகளை நொடியில் ஆராய்ந்துவிடும். ஆயினும் எந்த நிரலைப் பிரித்துப் பார்ப்பது, எந்த எண்ணுக்குள் எந்த விதி ஒளிந்திருக்கிறது என்பவற்றை அது தானாகக் கேட்பதில்லை. கேட்க வேண்டியவர் மனிதர். கணிதம் மட்டும் கற்றவர் செக்ரோலைப் பிழையின்றிக் கூட்டிவிடுவார்; அரைப்பேர் என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாமற் போகலாம். தோட்டத்தை மட்டும் அறிந்தவர் அக்குறையை உணர்வார். அதனை நாடு ஏற்கும் வகையில் நிறுவிக் காட்ட அவரிடம் கருவி இராது.

லயத்திற் பிறந்து பல்கலைக்கழகம் செல்லும் இளைஞர்களும் யுவதிகளும் இவ்விரண்டையும் சேர்த்துக் கற்பார்களாக. இதுகாறும் பிறர் எழுதிய ஏடுகளில் எண்ணாக நின்ற ஒரு சமூகம், அவ்வேடுகளைத் தானே படித்துத் திருத்துவதற்கு அக்கல்வி வழி செய்யும்.