60 வயசு இம்பாலா உப்புக்காத்துல தாங்குமா? முதல்ல பிரேக் பைப்பை பாருங்க!

சென்னையிலிருந்து ஈசிஆர் வழியாக புதுச்சேரி போனால், மரக்காணத்தில் உப்பளங்கள் கண்ணில் படும். பார்க்க அழகுதான். ஆனால் 1960-களின் செவ்ரோலெட் இம்பாலா, டாட்ஜ், பிளைமவுத் போன்ற பெரிய அமெரிக்க கார்களை இந்தப் பக்கம் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் காற்றே பெரிய தலைவலி.

"அந்தக் காலத்து தகடு கெட்டி, ஒண்ணும் ஆகாது" என்பார்கள். கெட்டிதான். ஆனால் துத்தநாகம் பூசிய தகடு பரவலாக வராத காலத்தில் செய்த கார்கள் இவை.

ஏன் இவ்வளவு துரு?

காற்றில் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால், காரில் படிந்த உப்பு அந்த ஈரத்தை உறிஞ்சி தானாகவே கரைந்துவிடும். அதாவது மழையே பெய்யாவிட்டாலும் காரின் அடிப்பகுதி உப்புத் தண்ணீரில் நனைந்த மாதிரிதான். கடலோர இரவுகளில் இது சாதாரணம். சேஸ், டிக்கியின் அடித்தகடு, சக்கர வளைவு, கதவின் கீழ் ஓரம் என ஈரம் தேங்கும் இடங்களில்தான் துரு முதலில் பிடிக்கும்.

உயிருக்கே ஆபத்து எங்கே?

பாடியில் ஓட்டை விழுந்தால் டிங்கரிங் செய்து சரிக்கட்டலாம். பிரேக் பைப் அப்படி இல்லை. 1967-க்கு முந்தைய பெரும்பாலான அமெரிக்க கார்களில் பிரேக்குக்கு ஒரே சர்க்யூட்தான். நான்கு சக்கரத்துக்கும் ஒரே வழியில் ஆயில் போகும். துருப்பிடித்த பைப் ஒரு இடத்தில் வெடித்தாலும் நான்கு சக்கரத்திலும் பிரேக் இருக்காது, மிச்சம் ஹேண்ட் பிரேக் மட்டும்தான். ஒன்றரை டன்னைத் தாண்டும் கார் ஈசிஆரில் 80 கிமீ வேகத்தில் போகும்போது இது நடந்தால்?

அதனால் பெயின்ட், குரோம் எல்லாம் அப்புறம். பழைய இரும்பு பைப்பை எடுத்துவிட்டு துருப்பிடிக்காத தாமிர-நிக்கல் பைப் போடுங்கள். பிரேக் ஆயிலும் ஈரத்தை இழுக்கும் என்பதால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். நல்ல மெக்கானிக் கிடைத்தால் இரட்டை சர்க்யூட் மாஸ்டர் சிலிண்டருக்கே மாறிவிடலாம். காரின் அசல் தன்மை போய்விடுமே என்று யோசிப்பவர்கள் உண்டு. பிரேக் விஷயத்தில் அந்தப் பிடிவாதம் வேண்டாம்.

கழுவுவதிலும் கவனம்

கடலோர போர் தண்ணீர் பல இடங்களில் உப்பாக இருக்கும். அதை வைத்துக் கழுவினால் உப்பை நாமே பூசுவது மாதிரி. ரேடியேட்டரிலும் அதை ஊற்றக் கூடாது. நல்ல தண்ணீரில் அடிப்பகுதியை அலசி, கதவுக்குக் கீழே உள்ள வடிகால் துளைகளை குத்திவிடுங்கள். துருவைச் சுரண்டாமல் மேலே அண்டர்கோட்டிங் அடித்தால் உள்ளே அரிப்பு தொடரும். பிளாஸ்டிக் தார்ப்பாய் போட்டு மூடினால் ஈரம் உள்ளேயே நிற்கும், காற்று புகும் துணி கவர்தான் சரி. ஷெட் கட்டுவதாக இருந்தால், இம்பாலா அம்பாசிடரை விட சுமார் ஒரு மீட்டர் நீளம் என்பது ஞாபகம் இருக்கட்டும்.

பெட்ரோலில் 20 சதவீத எத்தனால் வருவதால் பழைய ரப்பர் ஹோஸ்களையும் மாற்ற வேண்டும்.

பதிவுக்கு எவ்வளவு?

50 வருடம் தாண்டிய, பெரிய மாற்றம் செய்யப்படாத கார் என்றால் 2021 விதிப்படி 'வின்டேஜ்' பதிவு வாங்கலாம். புதிதாகப் பதிய 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய். நம்பரில் 'விஏ' என்ற எழுத்துகள் வரும். ஆனால் கண்காட்சி, ரேலி, பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் எடுக்கலாம், தினசரி ஓட்ட முடியாது. சாதாரணப் பதிவில் வைத்திருந்தால், 20 வருடம் தாண்டிய இறக்குமதி காருக்கு பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 80,000 ரூபாய் என 2025 ஆகஸ்டில் மத்திய அரசு உயர்த்தியது.